தொண்டு கல்வியாகிய வரலாறு

பசித்தவனுக்குச் சோறிடுதலும், நோயுற்றவனைப் பேணுதலும், அநாதைக்கு நிழல் கொடுத்தலும் மனித குலத்தோடு உடன்பிறந்த அறங்களாம். இவற்றைச் செய்வதற்கு நம் முன்னோர் எவரும் கல்லூரிக்குச் சென்று பட்டம் பெற்றாரில்லை. 1877ஆம் ஆண்டளவில் பஞ்சமும் பேதியும் யாழ்ப்பாணத்தை வாட்டியபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். அங்கே கஞ்சி வார்த்தவர் எவரும் சமூகசேவையிற் சான்றிதழ் பெற்றவரல்லர். எனினும் பல உயிர்கள் பிழைத்தன.

இன்றோ உலகின் பல நாடுகளிலும் சமூகசேவை கல்லூரியிற் கற்பிக்கப்படும் பாடமாயிற்று. கல்லூரிகளின் பாடவிதானங்களைப் புரட்டுவோர் அதன் அயலிலே சமூகவியலையும் கந்தோர் நிர்வாகத்தையும் காண்பர். சமூகசேவை இரக்கமுடையோர்க்கு, சமூகவியல் ஆராய்ச்சியாளர்க்கு, கந்தோர் நிர்வாகம் உத்தியோகம் தேடுவோர்க்கு என்று நாம் இவற்றைப் பங்கிட்டு வைத்திருக்கின்றோம். வரலாற்றை உற்று நோக்கின், இம்மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே வகையான நகரங்களில், ஒரே நெருக்கடியினின்றும் பிறந்த உடன்பிறப்புகள் என்பது புலனாகும். இவை ஒன்றையொன்று பிரிந்த இடங்களிலெல்லாம் ஏழைக்கே தீங்கு நேர்ந்தது என்பதும் புலனாகும். தொண்டு செய்யப் புகும் வாலிபர் இதனை அறிந்திருத்தல் நன்று.

இலண்டன் மாநகரின் ஏழைகள்

இங்கிலாந்தில் யந்திரத் தொழில் பெருகவே கிராமத்து மக்கள் பட்டினங்களிற் குவிந்தனர். கிராமத்திலே இன்னான் வீட்டில் இன்று அடுப்பெரியவில்லை என்பது அயலாருக்குத் தெரியும். பட்டினத்திலோ அடுத்த அறையில் இருப்பவன் யாரென்பதே தெரியாது. ஆகவே அறஞ் செய்ய விரும்பியவனுக்கும் யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பன விளங்காத புதிர்களாயின. 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் உதவி கேட்போரை 'உழைப்பகம்' என்னும் கடுமையான விடுதிகளுக்குள் வரும்படி பணித்தது. அங்கே கணவனும் மனைவியும் பிள்ளைகளும் வெவ்வேறாகப் பிரித்து வைக்கப்பட்டனர். அந்த அவமானத்துக்கு அஞ்சியே பலர் பட்டினியை மேலென எண்ணினர்.

மறுபுறத்தில் தனியார் தருமச் சங்கங்கள் எண்ணற்றவை முளைத்தன. ஒருவனுக்கே நாலு சங்கங்கள் உதவுவதும், வேறொருவனை எந்தச் சங்கமும் அறியாதிருப்பதும் வழக்கமாயின. இக்குழப்பத்தைத் தீர்க்க 1869ஆம் ஆண்டில் இலண்டனில் தரும ஒழுங்கமைப்புச் சங்கம் தோன்றியது. உதவி கேட்டவரின் வீட்டுக்கு ஒருவர் சென்று விசாரிப்பார். குடும்பத்தின் வருவாய், கடன், நோய், உறவினர் ஆகிய யாவும் ஒரு தாளில் எழுதப்படும். அத்தாளை ஒரு குழு ஆராய்ந்து முடிவு செய்யும். இன்று சமூகசேவை உத்தியோகத்தர் கையில் உள்ள கோவைக்கு அந்தத் தாளே மூதாதை எனலாம்.

முறை நல்லது. ஆனால் அதனைக் கையாண்டோர் பலரின் மனத்தில் வறுமைக்குக் காரணம் வறியவனின் ஒழுக்கக் குறைவே என்ற முற்கோள் ஊறியிருந்தது. 'உதவிக்குத் தகுந்தவர்', 'தகாதவர்' என்று ஏழைகளை இரு கூறாக்கினர். இவ்வாறு கோவை ஏழையைத் தாங்கும் ஊன்றுகோலாக வேண்டிய இடத்தில் அவனை நிறுக்கும் தராசாயிற்று.

ஒரு பதிவேடு காட்டிய உண்மை

இங்கே ஒரு பெண்மணியின் வாழ்க்கை நமக்குப் பாடமாகும். செல்வர் வீட்டில் பிறந்த பியற்றிஸ் பொற்றர் 1883இல் மேற்கூறிய சங்கத்தில் வீடு செல்லும் தொண்டராகச் சேர்ந்தார். அக்காலத்தில் ஒக்ரேவியா ஹில் அம்மையார் ஏழைகளின் வீடுகளைப் பொறுப்பேற்றுப் பெண் தொண்டர்களைக் கொண்டு வாடகை அறவிட்டு, வீடுகளைச் செப்பனிட்டு, குடியிருப்போருடன் நட்புப் பூண்டு வந்தார். 1865இல் அவர் தொடங்கிய அம்முறையைப் பின்பற்றி, 1885ஆம் ஆண்டு முதல் கதரின் கட்டடங்கள் என்ற இடத்தில் பியற்றிஸ் அம்மையாரும் வாடகை அறவிட்டார். அவரும் அவர்தம் தோழியும் அங்கு குடியிருந்தோர் பற்றி ஒரு பதிவேடு எழுதினர். யார் வந்தனர், என்ன தொழில், எப்போது வேலை இழந்தனர், ஏன் வீட்டை விட்டு நீங்கினர் என்பனவெல்லாம் அதில் ஏறின. வாடகைக் கணக்காகத் தொடங்கியது ஒரு சமூகத்தின் கண்ணாடியாக மாறியது.

அதே காலத்தில் கப்பல் வணிகரான சார்ள்ஸ் பூத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு 1886இல் இலண்டன் மக்களின் வாழ்வை ஆராயத் தொடங்கினார். அவரது உறவினரான பியற்றிஸ் அம்மையாரும் துறைமுகத் தொழிலாளர் பற்றியும் தையற் தொழிலாளர் பற்றியும் ஆராய்ந்து உதவினார். தெருத் தெருவாக, வீடு வீடாகச் செய்திகள் திரட்டப்பட்டன. ஒவ்வொரு தெருவுக்கும் அதன் வளத்துக்கேற்ப நிறந்தீட்டி வரைபடங்கள் வெளியாயின. முதல் நூல் 1889இல் வந்தது. 1903இல் பணி முடிவுற்றபோது அது 17 நூல்களாக விரிந்திருந்தது. இலண்டன் மக்களில் 100க்கு ஏறக்குறைய 31 பேர் வறுமையில் வாழ்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. 1901இல் யோர்க் நகரை ஆராய்ந்து நூல் வெளியிட்ட சீபோம் றௌன்றி அங்கும் 100க்கு ஏறக்குறைய 28 பேர் என்று காட்டினார்.

இத்தொகைகளிலும் முக்கியமானது காரணம் பற்றிய பூத்தின் கணக்கு. கிழக்கிலண்டனில் மிக வறியவரை எடுத்து ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டோரின் வறுமைக்கு வேலையின்மையும் நிலையில்லா வேலையும் குறைந்த கூலியுமே காரணமாயிருந்தன. குடி முதலிய பழக்கக்கேடுகள் காரணமாயிருந்தது ஏறக்குறைய ஏழிலொரு பங்கினரிடமே. வறியவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தோருக்கு இது பெருத்த அடி. முதியோர் வறுமையைக் கண்ட பூத் முதியோர் உதவிச் சம்பளத்துக்காக வாதாடினார். தரும ஒழுங்கமைப்புச் சங்கத்தார் அதனை எதிர்த்தனர். ஈற்றில் 1908ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறி, 70 வயது கடந்த வறியோருக்கு வாரம் 5 சிலிங் வரை கிடைக்க வழி பிறந்தது.

சங்கத்தாரும் விசாரித்தனர், எழுதினர்; பூத்தும் விசாரித்தார், எழுதினார். ஒரே பேனா, ஒரே தாள். முன்னவர் 'இவனுக்குக் கொடுக்கலாமா?' என்று கேட்டனர். பின்னவர் 'இவ்வளவு பேர் ஏன் இல்லாதிருக்கின்றனர்?' என்று கேட்டார். இந்த இரண்டாவது கேள்வியிலேதான் சமூகவியல் தொண்டோடு கை கோத்தது.

கந்தோரின் வளர்ச்சி

இனி, பேனாவையும் தாளையும் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். பெருந்தொகையான மக்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டவும் பேணவும் வேண்டுமானால் அதற்குக் கந்தோர் வேண்டும். 1837இல் ஐசக் பிற்மன் தமது சுருக்கெழுத்து முறையை வெளியிட்டார். 1854இல் நோர்த்கோற், ட்ரெவெலியன் என்னும் இருவர் அளித்த அறிக்கை, பிரித்தானிய அரசாங்க உத்தியோகங்களைச் செல்வாக்கினால் வழங்காது போட்டிப் பரீட்சையினால் வழங்க வேண்டும் என்றது. 1874இல் றெமிங்டன் கம்பனியின் தட்டெழுத்துப் பொறி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1881இல் நியூயோர்க்கிலே கிறிஸ்தவ மகளிர் சங்கம் ஒன்று பெண்களுக்கெனத் தட்டெழுத்து வகுப்பைத் தொடங்கியது. அதுவரை ஆடவர்க்கே உரியதாயிருந்த கந்தோர் வாசல் சில பத்தாண்டுகளில் மகளிருக்குத் திறந்தது.

கந்தோரின் இயல்பை ஒரு சமூகவியலறிஞரே ஆராய்ந்து கூறினார் என்பது கவனிக்கத்தக்கது. ஜேர்மனியரான மக்ஸ் வெபர் 1920இல் காலமானார். அவரது பெருநூல் அதன்பின் 1922இல் முழுமையாக வெளிவந்தது. எழுத்திலுள்ள கோவைகள், வகுக்கப்பட்ட அதிகாரம், பயிற்சி பெற்ற உத்தியோகத்தர், ஆள் முகம் பாராத விதி ஆகியன தற்காலக் கந்தோரின் இலக்கணங்கள் என அவர் காட்டினார். முகம் பாராமை நீதிக்குத் துணை. லஞ்சத்துக்கும் சாதிப் பெருமைக்கும் அங்கே இடமில்லை. ஆயினும் அதே முகம் பாராமை மனிதனை வெறும் இலக்கமாகவும் ஆக்கிவிடக்கூடும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

கந்தோரைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது நம்மவர் பழமொழி. ஆங்கிலங் கற்ற நம் வாலிபர் இலிகிதர்களாகக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றனர். அவர்கள் அனுப்பிய காசில் ஊர்களில் கல்வீடுகளும் பாடசாலைகளும் எழுந்தன. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின் அந்த வாசல் ஒடுங்கியதும் நாம் அறிந்ததே. ஆயினும் அக்கல்வியை உத்தியோகத்துக்கான சாவியாக மட்டும் நாம் கருதினோம். தொண்டுக்கும் அது கருவியென நினைத்தோர் சிலரே.

கல்லூரிகள் தோன்றுதல்

தொண்டுக்குப் பயிற்சி வேண்டும் என்று உலகுக்கு உரத்துச் சொன்னவர்களுள் முதன்மையானவர் ஒரு கணக்கெழுதும் பெண்ணே. அமெரிக்கரான மேரி றிச்மண்ட் இளமையிலே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர், கணக்கெழுதிப் பிழைத்தவர். 1889இல் போல்ற்றிமோர் நகரத்துத் தரும ஒழுங்கமைப்புச் சங்கத்தில் உதவிப் பொருளாளராகச் சேர்ந்தார். எட்டு ஆண்டுகளின்பின், 1897இல் கூடிய மாநாடொன்றில், வைத்தியருக்குக் கல்லூரி இருப்பதுபோலத் தொண்டருக்கும் பயிற்சிக் கல்லூரி வேண்டும் என வாதாடினார். அடுத்த ஆண்டே நியூயோர்க்கில் ஆறு வாரக் கோடை வகுப்பு ஆரம்பமாயிற்று. 1904இல் அது ஓராண்டுக் கல்லூரியாக வளர்ந்தது. பிற்காலத்தில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சமூகசேவைக் கல்லூரி ஆயிற்று.

ஐரோப்பாவும் பின்னிற்கவில்லை. 1899இல் அம்ஸ்ரடாமில் இரண்டாண்டுப் பயிற்சிக் கல்லூரி ஒன்று எழுந்தது. அதே ஆண்டு பேர்லினில் மகளிருக்கான ஓராண்டு வகுப்பு தொடங்கிற்று. 1908இல் அலிஸ் சாலமன் அம்மையார் அதனை முழுமையான கல்லூரியாக்கினார்.

சிக்காகோவில் ஜேன் அடம்ஸ் அம்மையாரும் தோழியரும் 1889இல் நிறுவிய ஹல் இல்லம், இலண்டனில் 1884இல் தோன்றிய ரொயின்பீ மண்டபத்தைப் பார்த்து எழுந்தது. படித்தவர் ஏழைகளின் அயலிலே குடியேறி அவர்களோடு வாழ்வதே இவ்வில்லங்களின் நோக்கம். 1892இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் சமூகவியலுக்கெனத் தனிப் பகுதியை நிறுவியது. ஹல் இல்லத்தவர் 1895இல் தம் அயலின் கூலியையும் மக்களின் பூர்வீகத்தையும் வரைபடங்களாக்கி நூல் வெளியிட்டனர். பேராசிரியர்களுக்கு முன்னரே சேவகிகள் ஆய்வாளராயினர்.

மூன்று கல்விகளும் ஒரே கூரையின் கீழ் நின்ற காட்சியைக் காண வேண்டுமாயின் பொஸ்ரன் நகரிலுள்ள சிமன்ஸ் கல்லூரியை நோக்க வேண்டும். ஆயத்த ஆடை வணிகத்திற் பொருளீட்டிய ஜோன் சிமன்ஸ், மகளிர் தம் காலிலே நின்று பிழைக்கத்தக்க கல்வியைக் கொடுக்குமாறு உயில் எழுதி 1870இல் இறந்தார். 1872இல் பொஸ்ரனில் மூண்ட பெருந்தீயில் அவரது சொத்தின் பெரும்பகுதி அழிந்தது. பொருள் மீண்டும் வளரக் காத்திருந்து, 1899இல் கல்லூரி பதிவு பெற்று, 1902இல் திறக்கப்பட்டது. கந்தோர்ச் செயலாளர் கல்வி அதன் ஆரம்பப் பாடங்களுள் ஒன்று. 1904இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துடன் கூடிச் சமூகசேவையாளர் கல்லூரியும் அங்கே தொடங்கிற்று. கடிதம் எழுதக் கற்ற பெண்ணும் ஏழையின் கதவைத் தட்டக் கற்ற பெண்ணும் ஒரே நிறுவனத்தின் மாணவியராயினர்.

இலண்டனின் கதை நமக்கு இன்னும் அணித்தானது. பியற்றிஸ் அம்மையாரும் அவர் கணவர் சிட்னி வெப்பும் முன்னின்று 1895இல் இலண்டன் பொருளியற் கல்லூரியை உண்டாக்கினர். தரும ஒழுங்கமைப்புச் சங்கம் 1903இல் தனியே ஒரு சமூகவியற் பள்ளியை நிறுவியது. கொள்கையில் எதிரெதிரே நின்ற இவ்விரு சாராரின் நிறுவனங்களும் 1912இல் ஒன்றிணைந்து சமூக விஞ்ஞானப் பகுதியாயின. அவ்விணைப்புக்குப் பொருளுதவி செய்தவர் பம்பாய்ச் செல்வரான சேர் இரத்தன் டாட்டா! ஆண்டவன் நாட்டு வறுமையை ஆராய ஆளப்பட்ட நாட்டின் பணம் சென்றது. அங்கே விரிவுரையாளராக நியமனம் பெற்றவர்களுள் ஒருவர் கிளெமென்ற் அற்லி. 1945இல் பிரித்தானியப் பிரதமராகி நலன்புரி அரசை நிறுவியவரும், இந்தியாவும் இலங்கையும் விடுதலை பெற்ற நாளில் ஆட்சியில் இருந்தவரும் அவரே.

பட்டமா, பரிவா?

கல்லூரிகள் எழுந்ததும் வாதமும் எழுந்தது. 1915இல் ஏபிரகாம் பிளெக்ஸ்னர் என்னும் கல்வியறிஞர், வைத்தியம், சட்டம் போலச் சமூகசேவை ஒரு தனித்தொழில் ஆகாது, அதற்கெனத் தனி அறிவு முறை இல்லை என்று உரையாற்றினார். சேவையாளர் மனம் புண்பட்டனர். 1917இல் மேரி றிச்மண்ட் வெளியிட்ட 'சமூக நோயறிதல்' என்ற நூல் அதற்கு விடைபோல் அமைந்தது. ஒரு குடும்பத்தின் நிலையை எவ்வாறு கேட்டறிவது, ஒருவர் சொல்லை எவ்வளவு நம்புவது, எதை எழுதுவது என்பனவற்றை அவர் முறைப்படுத்தினார்.

முறைப்படுத்திய அறிவு தீயோர் கைக்குச் சென்றபோது நடந்ததையும் மறைத்தலாகாது. ஜேர்மனியில் நாசிகள் ஆட்சியைப் பிடித்த 1933ஆம் ஆண்டிலேயே பரம்பரை நோயாளர் என்று குறிக்கப்பட்டோரை மலடாக்கும் சட்டம் வந்தது. ஏழைகளுக்கு உதவவென எழுதப்பட்ட நலன்புரிக் கோவைகள் அவர்களைத் தேடிப் பிடிக்கும் பட்டியல்களாயின. சமூகசேவைக் கல்வியின் தாய்களுள் ஒருவரான அலிஸ் சாலமன் அம்மையார், யூத குலத்திற் பிறந்த காரணத்தால் பதவிகளை இழந்து, 1937இல் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டு, 1948இல் நியூயோர்க்கில் உயிர் நீத்தார். இத்தகைய கொடுமைக்கு நாமும் அந்நியரல்லேம். 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே வாக்குரிமைக்காக எழுதப்பட்ட வாக்காளர் இடாப்புகளைக் கையில் ஏந்தியன்றோ கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடி வந்தனர்! இடாப்பு எழுதுபவனுக்குக் கைத்திறம் மட்டும் போதாது. அது யார் கைக்குச் செல்லும் என்ற நினைவும் வேண்டும்.

ஆசியாவில் விதை முளைத்தது

அமெரிக்கரான கிளிபர்ட் மன்ஸார்ட் 1926இல் பம்பாயின் நாக்பாடாவில், ஹல் இல்லத்தைப் போன்ற அயலவர் இல்லம் ஒன்றை ஆரம்பித்தார். அவரது ஆலோசனையின்படி 1936இல் டாட்டா தருமநிதியின் உதவியுடன் இந்தியாவின் முதலாவது சமூகசேவைக் கல்லூரி அங்கே எழுந்தது, அவரே முதல்வரானார். அவருக்குப்பின் அப்பதவியை ஏற்றவர் தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவரும் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பாவின் சகோதரருமான ஜே. எம். குமரப்பா. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சமூகசேவைக் கல்லூரி தோன்றியது.

இலங்கையில் அமைப்பு முறையான தருமத்துக்கும் நீண்ட வரலாறுண்டு. 'பிரண்ட் இன் நீட்' என்னும் உதவிச் சங்கம் 1831இல் கொழும்பில் உருவாயிற்று. அப்பெயர் கொண்ட சங்கத்தின் ஆஸ்பத்திரியாக 1850இல் யாழ்ப்பாணத்தில் எழுந்ததே இன்றைய போதனா வைத்தியசாலையின் தொடக்கம். 1939இல் வறியோர் சட்டம் இயற்றப்பட்டது. இலண்டன் பொருளியற் கல்லூரியிற் கற்பித்துப் பின் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூகசேவை ஆணைக்குழு 1947இல் அறிக்கை அளித்தது. 1948இல் சமூகசேவைத் திணைக்களம் தோன்றியது.

திணைக்களம் தோன்றியதும் அதனை இயக்கப் பயின்றவர் தேவைப்பட்டனர். 1952இல் கொழும்பில் சமூகசேவைப் பயிற்சி நிறுவனம் ஆரம்பமாயிற்று. பின்னர் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. 1992ஆம் ஆண்டின் சட்டத்தால் அது தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் ஆயிற்று. பல்கலைக்கழகத்திலே சமூகவியலைத் தொடக்கி வைத்தவர்களுள் ஒருவரான அமெரிக்கப் பேராசிரியர் பிரைஸ் றையன் 1953இல் சிங்களச் சாதி முறைபற்றி நூல் வெளியிட்டார். இலண்டனில் ஏறக்குறைய நாற்பதாண்டு கழிந்து நிகழ்ந்தவை இங்கே ஒரு தசாப்தத்துள் நிகழ்ந்தன.

வாலிபர்க்கு ஒரு சொல்

இவ்வரலாற்றால் நாம் பெறுவது யாது? தொண்டு, ஆய்வு, ஏடு ஆகிய மூன்றும் ஒன்றாய் நிற்றல் வேண்டும். ஆய்வில்லாத தொண்டு இன்று கஞ்சி வார்த்து நாளையும் அதே பசியைக் காணும். ஏடில்லாத தொண்டு கண்ணிற் பட்டவனுக்குக் கொடுத்துக் கூச்சத்தால் ஒதுங்கி நிற்பவனை மறந்துவிடும். 2004ஆம் ஆண்டு மார்கழியிலே ஆழிப்பேரலை நம் கரைகளை விழுங்கியபோது, நல்ல மனம் படைத்தோர் ஆயிரக்கணக்கில் ஓடி வந்தனர். அத்தகைய வேளையில் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதி வைக்கும் ஒருவர், ஒரு லொறி அரிசிக்குச் சமமாவார். அன்பில்லாத ஆய்வும் ஏடும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பேர்லினும் கொழும்பும் காட்டின.

ஆகையால் கணக்கும் தட்டெழுத்தும் கணினியும் பயிலும் நம் இளைஞர், அவற்றை உத்தியோகத்துக்கான படிகளென்று மட்டும் எண்ணாதிருப்பாராக. சங்கத்தின் கூட்ட அறிக்கையைச் செம்மையாக எழுதுபவரும், வரவு செலவைச் சதம் பிசகாது காட்டுபவரும் தொண்டரே. ஊரிலே எத்தனை முதியோர் தனித்திருக்கின்றனர், எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றனர், ஏன் நின்றனர் என்று வீடு வீடாகக் கேட்டறிதலும் தொண்டே. கேட்டறிந்ததைக் கண்டபடி பேசாது காத்தல் அதனினும் பெரிய தொண்டு. பெரியோர்கள் இதற்கு வழிகாட்டுவாராக. வாலிபர்கள் மனத்தோடு அறிவையும் அறிவோடு ஒழுங்கையும் சேர்த்து முன்வருவாராக.